அஞ்சு என்று சொல்லக் கூடாத வீடு

1

எங்கள் வீட்டில் 'அஞ்சு' என்ற எண்ணுக்குத் தடை இருந்தது. அம்மா சந்தையில் தக்காளி வாங்கினால் நாலு கிலோ வாங்குவார், இல்லாவிட்டால் ஆறு கிலோ. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது அஞ்சாம் வாய்ப்பாட்டை நான் முணுமுணுப்பாகச் சொல்வதை வாத்தியார் கவனித்து அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. சொன்னாலும் யார் நம்புவார்கள்? ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம், 1975ஆம் வருஷம், யாரோ பதினொரு பேர் யாரோ பதினொரு பேரிடம் அஞ்சு கோல் வாங்கியதற்காக, நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு வீட்டில் அஞ்சு என்று சொல்ல மாட்டார்கள் என்றால்?

பெரியப்பாவுக்கு இந்தத் தடை நன்றாகத் தெரியும். சாயங்காலம் வந்து திண்ணையில் உட்காருவார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, மணி அஞ்சு ஆயிருச்சாட்ட இருக்குது" என்பார். கடிகாரத்தில் மூன்றரை ஆகியிருக்கும். அப்பா பதில் சொல்லாமல் எழுந்து மாட்டுக்குத் தட்டு போடப் போய்விடுவார். திரும்பி வந்து, "ஏனுங்கண்ணா, பதினேழு வினாடிக்கு மேல ஆச்சுங்க நீங்க வந்து. இன்னுமா காப்பி வரல?" என்பார். இப்போது பெரியப்பாவின் முகம் சுருங்கும்.

பதினேழு வினாடிக்கும் ஒரு கதை உண்டு. சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கால்பந்து ஊர் கிடையாது. கபடி உண்டு, வாலிபால் உண்டு. கிரிக்கெட் எல்லா ஊரையும் போல எங்கள் ஊரையும் தின்றுவிட்டது. சேலத்துக்குப் பக்கத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணிக்குப் போன பிறகு கேட்கவே வேண்டாம். கோல் கம்பம் நட்ட மைதானம் ஒன்றை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் நேரில் பார்த்தேன். ஆனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து மோகன் பகான் தெரியும், ஈஸ்ட் பெங்கால் தெரியும். அப்பா மோகன் பகான். பெரியப்பா ஈஸ்ட் பெங்கால். இருவருக்கும் அந்தப் பித்தைக் கொண்டுவந்து கொடுத்தது லாரி.

2

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து ஆட்களுக்கு லாரி என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மழையை நம்பிய மேட்டுக்காடு. ரெண்டு வருஷம் பொய்த்தால் மூன்றாம் வருஷம் ஒருவன் ஸ்டியரிங் பிடிக்கப் போவான். பாடி கட்டுகிற பட்டறைகள் வந்தன, பைனான்ஸ் வந்தது, டேங்கர் வந்தது. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான்; அதற்கு வெகுகாலம் முன்பே இந்தியாவின் எந்த நெடுஞ்சாலை ஓரத்திலும் எங்கள் ஊர்ப் பேச்சு கேட்கும்.

பெரியப்பா இருபத்தொரு வயதில் கல்கத்தா லைன் ஓட்டினார். அப்பாவுக்கு அப்போது பதினெட்டு, அண்ணன் வண்டியிலேயே கிளீனர். சேலத்துச் சேகோ ஆலைகளிலிருந்து ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போவார்கள். இங்கே நாம் பாயசத்துக்கும் வடகத்துக்கும் வைத்திருக்கிற பொருளை வங்காளிகள் 'சாபு' என்று சொல்லிக் காய்ச்சல்காரருக்குக் கஞ்சியாகக் கொடுப்பார்கள், விரதத்துக்குச் சாப்பிடுவார்கள். நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், கரக்பூர் என்று கடலோரமாகவே போகிற வழி. போவது பிரச்சனை இல்லை. திரும்பி வருவதுதான். ரிட்டர்ன் லோடு கிடைக்கும்வரை நாலு நாள், ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்கூடக் கல்கத்தாவில் கிடக்க வேண்டும். வண்டிக்கு அடியில் பாய், வண்டி ஓரத்தில் அடுப்பு. கையில் படிக்காசு கரைந்துகொண்டே இருக்கும். மொழி தெரியாது. அப்படிக் கிடந்த நாட்களில்தான் பந்து வந்தது.

பெரியப்பா டீ குடித்த கடைக்காரர் யாதவ்பூர் பக்கத்து அகதிக் குடியிருப்பிலிருந்து வந்தவர். டாக்காவில் வீடு, குளம், தென்னந்தோப்பு எல்லாம் விட்டுவிட்டு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்த குடும்பம். லாரிக்காரனுக்குக் கடன் சொல்ல இடம் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். அவர் ஈஸ்ட் பெங்கால். அதனால் பெரியப்பாவும் ஈஸ்ட் பெங்கால். அப்பாவுக்கு வண்டி வேலை சொல்லிக்கொடுத்த மெக்கானிக் வடக்குக் கல்கத்தாக்காரர், தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்த குடும்பம். அவர் மோகன் பகான். இவ்வளவுதான். ஒருவர் டீக்கும் இன்னொருவர் ஸ்பேனருக்கும் நன்றிக்கடனாக எடுத்துக்கொண்ட கட்சி.

எம்ஜிஆர்–சிவாஜி சண்டையில் மண்டை உடைந்த சேலத்துக்காரர்களின் பிள்ளைகள் நாம். இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. ஆனால் இந்தச் சண்டைக்கு அடியில் இருந்த கதை வேறு. அது இரண்டு பேருக்கும் அப்போது முழுசாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

3

மோகன் பகான் 1889இல் தொடங்கப்பட்ட கழகம். 1911 ஜூலை 29ஆம் தேதி ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டத்தில் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்று தோற்கடித்தது. வெள்ளைக்காரர்கள் பூட்ஸ் போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் பதினொரு பேரில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் வெறுங்கால். கேப்டன் சிப்தாஸ் பாதுரி ஒரு கோல், அபிலாஷ் கோஷ் ஒரு கோல். வங்காளம் இரண்டாகக் கூறுபோடப்பட்டு, போராட்டங்களுக்குப் பின் அந்தப் பிரிவினையைத் திரும்பப் பெறுவதாக ஆங்கிலேயர் அதே ஆண்டு டிசம்பரில்தான் அறிவித்தார்கள். அந்தச் சூட்டில் வந்த வெற்றி அது. "வெள்ளைக்காரனை வெறுங்காலோட அடிச்ச கூட்டமுங்க எங்களது" என்று அப்பா சொல்லும்போது ஏதோ அவரே லெஃப்ட் அவுட்டில் ஆடியதுபோல இருக்கும்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது ஒரு கோபத்தில். 1920 ஜூலை 28ஆம் தேதி ஜோராபகான் என்ற அணி மோகன் பகானோடு ஆட வேண்டியிருந்தது. கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த தடுப்பாட்டக்காரர் சைலேஷ் போஸை அணியில் சேர்க்கவில்லை. சேருங்கள் என்று கேட்டுப் பார்த்த துணைத்தலைவர் சுரேஷ் சந்திர சவுத்ரி, நடக்காது என்றதும் விலகினார். நாலே நாளில், ஆகஸ்ட் 1ஆம் தேதி, கிழக்கத்திக்காரர்களுக்கென்று தனிக் கழகம். பெயரே ஊர்ப் பெயர். 1925 மே 28ஆம் தேதி கல்கத்தா லீகில் இரண்டும் முதன்முதலாக மோதின. நேபாள் சக்ரவர்த்தி அடித்த ஒரே கோலில் ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது.

மேற்கு வங்கத்தின் பூர்வகுடிகளைக் 'கோட்டி' என்பார்கள். (திருநெல்வேலிக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே அதற்குச் செம்பு என்று பொருள்.) கிழக்கிலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. பட்டிக்காட்டான் என்கிற ஏளனம் கலந்த சொல். பேச்சுவழக்கு வேறு, சமையல் வேறு. குழம்பில் சர்க்கரை போடுகிறவர்கள் கோட்டிகள் என்று பாங்கால்கள் சிரிப்பார்கள். மிளகாயை அள்ளிக் கொட்டுகிறவர்கள் என்று கோட்டிகள் பதில் சொல்வார்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அன்று ராத்திரி சந்தையில் இலிஷ் மீனுக்கு, நம் ஊர்ச் சொல்லில் உல்லம் மீனுக்கு, விலை ஏறும். மோகன் பகான் ஜெயித்தால் இறாலுக்கு.

1947இல் இந்தக் கேலி கேலியாக இல்லாமல் போயிற்று. எல்லை விழுந்தது. 1950 கலவரங்களில் இன்னொரு அலை, 1971 போரில் இன்னொரு அலை என்று அகதிகள் வந்துகொண்டே இருந்தார்கள். சியால்தா ரயில் நிலையத்தின் நடைமேடைகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. கல்கத்தாவின் தெற்கு ஓரத்தில் யாருடையதோ நிலத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் குடிசை போட்டுக் குடியிருப்புகள் உருவாக்கினார்கள். பிஜய்கர், ஆசாத்கர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வீடு போயிற்று, நிலம் போயிற்று, ஊர் வேறொரு நாடாயிற்று. 'கிழக்கு வங்கம்' என்ற பெயர் மிச்சமிருந்த ஒரே இடம் அந்தக் கழகத்தின் சட்டை. அந்தச் சட்டை ஜெயித்தால் ஊர் ஜெயித்தது. டீக்கடைக்காரர் பெரியப்பாவிடம் சொன்னாராம்: அங்கே எனக்குப் பத்து பீகா நிலம் இருந்தது, இப்போது தொண்ணூறு நிமிஷம் இருக்கிறது.

பெரியப்பாவுக்கு வங்காளம் முழுதாகப் புரியாது. இந்த ஒரு வாக்கியம் மட்டும் புரிந்திருக்கிறது.

4

1975 செப்டம்பர் 30. ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதியாட்டம். அண்ணனும் தம்பியும் அன்று கல்கத்தாவில்தான் லோடுக்குக் காத்துக் கிடந்தார்கள். உள்ளே போக டிக்கெட் ஏது? டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கூட்டம். வங்காளி வர்ணனையில் பேர் மட்டும் பிடிபடும். 'கோல்' என்றால் எல்லா மொழியிலும் கோல்.

சுரஜித் சென்குப்தா. ஷ்யாம் தாபா. ரஞ்சித் முகர்ஜி. மறுபடி ஷ்யாம் தாபா. சுபங்கர் சன்யால். ஈஸ்ட் பெங்கால் 5, மோகன் பகான் 0. இந்த இரு அணிகளுக்கு இடையில் அதுவரை நடக்காத தோல்வி. மோகன் பகான் ஆட்டக்காரர்கள் சிலர் ரசிகர்களுக்குப் பயந்து அன்று ராத்திரி கங்கையில் படகில் கழித்தார்கள் என்று கல்கத்தாவில் இன்றும் சொல்வார்கள். இளம் ரசிகர் ஒருவர், அடுத்த பிறவியில் மோகன் பகான் ஆட்டக்காரனாகப் பிறந்து இதற்குப் பழி தீர்ப்பேன் என்று எழுதிவைத்துவிட்டு உயிரை விட்டார். அப்பா இந்தச் செய்தியை எப்போது சொன்னாலும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். கேலி அதோடு நின்றுவிடும். பெரியப்பாவும் அந்த இடத்தில் எதுவும் பேச மாட்டார்.

இந்த ஆட்டத்தில் எனக்கு வேறொன்று முக்கியமாகப் படுகிறது. ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவின் கேப்டனாக இருந்து பிரான்சுக்கு எதிராகக் கோல் அடித்தவர், 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் ஆட்டக்காரர். அவருடைய தம்பி பிரசூன் பானர்ஜி அப்போது மோகன் பகானில் ஆடிக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். 1911 அணியில் பாதுரி சகோதரர்கள் சிப்தாசும் பிஜய்தாசும் ஒரே சட்டை போட்டு ஆடினார்கள். அறுபத்துநாலு வருஷம் கழித்து பானர்ஜி சகோதரர்கள் எதிரெதிரே. அடுத்த வருஷமே அண்ணன் மோகன் பகானுக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். 1976 லீக் ஆட்டத்தில் முகமது அக்பர் பதினேழாவது வினாடியில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகக் கோல் அடித்தார். இதுதான் அப்பாவின் பதினேழு வினாடி. 1977இல் மோகன் பகான் ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்றையும் வென்றது. அதே செப்டம்பரில் பெலே நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு ஈடன் கார்டனுக்கு வந்து மோகன் பகானோடு 2–2 என்று சமன் செய்துவிட்டுப் போனார். அப்பா பெலேயைப் பார்க்கவில்லை. பெலே வந்த ஊரில் பத்து நாள் முன்னால் இருந்தேன் என்று சொல்லிக்கொள்வார்.

பெரியப்பாவின் கடைசி அஸ்திரம் எப்போதும் ஒன்றுதான். 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய ஐவரைப் 'பஞ்ச பாண்டவர்' என்பார்கள். வெங்கடேஷ், அப்பா ராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. அந்த வரிசையின் பலத்தில் 1949, 50, 51 என்று தொடர்ந்து மூன்று ஷீல்டுகள் வந்தன. ஐந்து பேருமே தெற்கத்தி ஆட்கள்! "பேரைப் பாருடா தம்பி, பேரைப் பாரு. வெங்கடேஷ், தன்ராஜ். நம்ம பக்கத்து ஆளுக கட்டுன கோட்டைடா அது" என்பார் பெரியப்பா. கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை மட்டும் அவர் இழுக்க முடியாது. தங்கராஜ் இரண்டு பக்கமும் ஆடியவர். அவர் பொதுச் சொத்து.

பெரியப்பா வாதத்துக்காகச் சொன்ன விஷயம்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் பெரிய வேடிக்கை இருக்கிறது. ஊரை இழந்த கிழக்கு வங்க அகதிகளின் மானத்தைக் காப்பாற்றியவர்கள் பத்மா நதியைப் பார்த்தே இராத தென்னிந்தியர்கள். அந்தப் பக்கம், கோட்டிகளின் பெருமையான 1911 மோகன் பகான் அணியில் பலரும் கிழக்கு வங்கத்தைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள். பாதுரி சகோதரர்களே ஃபரித்பூர் குடும்பம். ஆக, ரத்தத்தைப் பார்த்துப் பிரித்த எல்லை இல்லை இது. ஒரு கதையை யார் தன் கதை என்று எடுத்துக்கொண்டார்களோ அவர்கள் அந்தப் பக்கம். அப்படிப் பார்த்தால் புதுச்சத்திரத்து லாரிக்காரனுக்கும் அதில் பங்கு கேட்க உரிமை உண்டு.

5

எங்கள் வீட்டிலும் ஒரு பிரிவினை நடந்தது.

அப்பாருக்கு ஏழு ஏக்கர் காடு, ஒரு கிணறு. அவர் போன பிறகு பாகம் பிரித்தார்கள். காட்டைப் பிரித்துவிடலாம், கிணற்றை எப்படிப் பிரிப்பது? மூன்று நாள் அண்ணனுக்கு, மூன்று நாள் தம்பிக்கு என்று முறைத்தண்ணி. மோட்டார் ரூம் இருந்த துண்டு பெரியப்பாவின் பங்கில் விழுந்தது. 1989 கோடையில், அப்பாவின் முறை நாளில் ராத்திரி மோட்டார் நின்றிருந்தது. யார் நிறுத்தினார்கள், கரண்டு போனதா, இன்றுவரை தெரியாது. கடலைக்காடு வாடிவிட்டது. கிணற்றுமேட்டில் பேச்சு தடித்தது. அப்பா, "அந்த லாரி எங்க பங்கை அடமானம் வெச்சு வாங்குனதுதானுங்க" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா சொந்த வண்டி வாங்க அப்பாரு காட்டை அடமானம் வைத்தது உண்மை. மீட்டதும் உண்மை. இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாத சொல். பெரியப்பா, "இனிமே என்ற வாசப்படி மிதிக்காதே" என்றார்.

அதற்குப் பிறகு எட்டு வருஷம் பேச்சு கிடையாது. அப்பா லாரியை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். நான் 1990இல் பிறந்தேன். என் மொட்டை அடிக்குப் பெரியப்பா வரவில்லை. அப்பத்தா செத்தபோது இருவரும் பந்தலுக்கு இரண்டு மூலையில் நின்றார்கள். இருநூறு அடி தூரத்தில் வீடு. நடுவில் ஒரு வேலி.

1997 ஜூலை 13ஆம் தேதி ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் மைதானத்தில் 1,31,781 பேர். இந்தியாவில் விளையாட்டு ஒன்றைப் பார்க்க அத்தனை பேர் அதற்கு முன் கூடியதில்லை என்பார்கள். மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. 'டைமண்ட்' என்று ஒரு புது வியூகம் அமைத்து, போன ஆட்டங்களில் எல்லாம் எதிரிகளைத் துவம்சம் செய்திருந்தார். வாயும் ஜாஸ்தி. ஆட்டத்துக்கு முன்பே ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார். பாய்ச்சுங் பூட்டியாவைச் 'சுங் சுங்' என்றார். கென்யாக்காரர் ஒமோலோவை 'ஆம்லெட்' என்றார். எதிரே ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளராக மறுபடி பி.கே. பானர்ஜி. அவர் ஒன்றும் பேசவில்லை. பேப்பரில் வந்ததை ஆட்டக்காரர்களுக்குக் காட்டினாராம், அவ்வளவுதான். பூட்டியா மூன்று கோல் அடித்தார். 4–1.

பெரியப்பாவின் வண்டி அன்று கல்கத்தாவில் இருந்தது. டிரைவர் எஸ்டிடி பூத்திலிருந்து கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். ராத்திரி எட்டு மணி இருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வந்து நின்றார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். எனக்கு ஏழு வயது; அவர் என்னோடு பேசியதே அதுதான் முதல் தடவை.

"சாமி, உங்கொப்பன்கிட்டப் போயி, நாலுக்கு ஒண்ணுன்னு சொல்லு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய்ச் சொன்னேன். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை நின்றது. "டைமண்டு என்னாச்சாம்?" என்றார். நான் திரும்ப வேலிக்கு ஓடினேன். "டைமண்டு கண்ணாடித் துண்டாப் போச்சுன்னு சொல்லு." மறுபடி ஓடினேன். இப்படி நாலு நடை. அஞ்சாவது நடைக்கு என்னை அனுப்பாமல் அப்பா கையைக் கழுவிவிட்டு, சட்டைகூடப் போடாமல், டார்ச் லைட்டை என் கையில் கொடுத்து நடந்தார். வேலியைச் சுற்றிக்கொண்டு, எட்டு வருஷமாக மிதிக்காத வாசப்படியில் ஏறி, "சீமா அடிச்ச கோலு மட்டும் சுத்தமான கோலுங்களா இல்லீங்களா, அதைச் சொல்லுங்க மொதல்ல" என்றார்.

ராத்திரி பதினொரு மணிவரை சண்டை. தட்டு, டம்ளர், தீப்பெட்டி எல்லாம் வைத்து டைமண்ட் போட்டுக் காட்டினார் பெரியப்பா. நான் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். 'ஆம்லெட்' என்ற சொல் அடிக்கடி வந்ததைக் கேட்ட பெரியம்மா, அண்ணனும் தம்பியும் அதைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து அடுப்பைப் பற்றவைத்து ஆறு முட்டை உடைத்து ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டார். பெரியப்பா சிரித்த சிரிப்பில் நான் முழித்துக்கொண்டேன்.

கிணற்றைப் பற்றி அன்று பேசவில்லை. பிறகும் பேசவில்லை. முறைத்தண்ணி வழக்கு தீரவே இல்லை. 2003 வறட்சியில் ஆளுக்கொரு போர் போட்டபோது கிணறு தானாக வறண்டுபோய்ப் பிரச்சனையே இல்லாமல் ஆயிற்று. இன்று அதற்குள் கருவேலம் முளைத்திருக்கிறது. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு பெரியப்பா எங்கள் திண்ணைக்கு வர ஆரம்பித்தார். அஞ்சும் பதினேழும் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்போதுதான்.

அவர்கள் சமாதானம் ஆனதாக நான் நினைக்கவில்லை. நிலத்தைப் பற்றி, லாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்க வேண்டிவரும். எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு அது வராது. அந்த வன்மத்தை அப்படியே தூக்கி, யாருக்கும் நஷ்டம் வராத ஓர் இடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளலாம்.

இதைப் புனிதப்படுத்தவும் நான் விரும்பவில்லை. 1980 ஆகஸ்ட் 16ஆம் தேதி ஈடன் கார்டனில் இதே இரு அணிகளின் ஆட்டத்தின்போது வெடித்த கலவரத்தில் பதினாறு ரசிகர்கள் மிதிபட்டுச் செத்தார்கள். ஆட்டம் பார்க்க வீட்டிலிருந்து கிளம்பிப் போனவர்கள். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் கல்கத்தாவில் ரத்ததானம் செய்கிறார்கள். யாருக்கும் நஷ்டமில்லாத இடம் என்று சொன்னேனே, அது எங்கள் திண்ணைக்குத்தான் பொருந்தும். அந்தப் பதினாறு வீடுகளுக்குப் பொருந்தாது.

இங்கிலாந்தில் லிவர்பூல் ஊரில் லிவர்பூலும் எவர்ட்டனும் ஒரே குடும்பத்துக்குள் ஆளுக்கொன்றாகப் பிரிந்து கிடக்கும் அணிகள். 1989 ஏப்ரலில் ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி மாண்ட லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். அப்போது இரண்டு அணிகளின் மைதானங்களுக்கும் நடுவில் உள்ள பூங்காவின் குறுக்கே சிவப்புத் துண்டையும் நீலத் துண்டையும் முடிச்சுப் போட்டு ஒரு மைல் நீளத்துக்குக் கட்டினார்கள். சாவுக்குப் பிறகுதான் முடிச்சு விழும்போலிருக்கிறது, எந்த ஊரானாலும்.

6

பெரியப்பா 2020 ஆகஸ்டில் இறந்தார். கொரோனாக் காலம். இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. அப்பா கொள்ளிச்சட்டிக்குப் பின்னால் முகக்கவசத்தோடு நடந்தார்.

அந்த வருஷம்தான் இரண்டு கழகங்களும் ஐ.எஸ்.எல். போட்டிக்குள் வந்தன. நவம்பர் 27ஆம் தேதி முதல் ஆட்டம். கல்கத்தாவில் இல்லை, கோவாவில், வாஸ்கோ மைதானத்தில். கேலரியில் ஒரு ஆள் இல்லை. மோகன் பகானின் பேருக்கு முன்னால் வேறொரு கம்பெனியின் எழுத்து ஒட்டியிருந்தது. நான் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் கொடுத்தேன். ராய் கிருஷ்ணா ஒன்று, மன்வீர் சிங் ஒன்று. 2–0. அப்பாவின் அணி ஜெயித்தது.

ஆட்டம் முடிந்ததும் அப்பா பழக்கத்தில் எழுந்து வாசலுக்குப் போனார். வேலிப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உள்ளே வந்து, "ஆளில்லாத மைதானத்துல என்ன ஆட்டம் அது. நிறுத்து அதை" என்றார்.

அடுத்த வாரம் அம்மா சந்தையிலிருந்து அஞ்சு கிலோ தக்காளி வாங்கி வந்தார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

2024 ஆகஸ்ட் 18ஆம் தேதி சால்ட் லேக்கில் டூரண்ட் கோப்பைக்காக இரண்டு அணிகளும் மோத வேண்டியிருந்தது. ஒன்பது நாள் முன்னால்தான் கொல்கத்தாவின் ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தார். ஊரே கொந்தளித்துக்கொண்டிருந்தது. பாதுகாப்புப் போதாது என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் இல்லை என்று தெரிந்தும் ரசிகர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். சிவப்பு–பொன் சட்டைகளும் பச்சை–அரக்குச் சட்டைகளும் ஒன்றாக, முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும் சேர்ந்து, நீதி கேட்டுக் கோஷம் போட்டார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. நூறு வருஷமாக ஒருவரையொருவர் திட்டிப் பழகிய தொண்டைகள் அன்று ஒரே சொல்லைக் கத்தின. திட்டிப் பழகியிருந்ததால்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள் என்றும் எனக்குத் தோன்றியது.

அன்று ராத்திரி போனில் வந்த ஒரு வீடியோவை அப்பாவிடம் காட்டினேன். கூட்டத்துக்கு நடுவில் ஒருவன் இன்னொருவனைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறான். சட்டை வேறு வேறு. அப்பா கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"மேல உக்காந்திருக்கறவன் யாரு ஆளு?"

"ஈஸ்ட் பெங்கால்ப்பா."

"ஆகட்டும்" என்றார். "செமக்கறவன் நம்மாளு."

போனை என்னிடம் கொடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தார்.